புதிய நீண்டதூர வேட்டை ரைஃபிளை எப்படித் தயார் செய்வது? அதற்கான தோட்டாவை நாமே எப்படி நிரப்பிக்கொள்வது?

கேள்வியின் சாரம் இது: அமெரிக்காவில் மொன்டானாவில் இருக்கிறீர்கள். 6.5 பிஆர்சி என்ற தோட்டா வகைக்கான ரைஃபிள், 24 அங்குல பேரல், மில் என்ற கோண அளவில் நகரும் ஸ்கோப். இலையுதிர் காலத்தில் மியூல் மான் வேட்டை. "எந்தப் பவுடர், எத்தனை கிரெய்ன் போட்டால் அரை அங்குல குரூப் வரும்?"

கிரெய்ன் என்பது எடை அளவு, குரூப் என்பது ஒரே குறியில் சுட்ட துளைகளின் பரவல். அந்தக் கிரெய்ன் கணக்கு கடைசியில் வர வேண்டியது. தோட்டாவின் மேல் பழி போடப்படும் கோளாறுகளில் பெரும்பங்கு திருகிலும், ஸ்கோப்பிலும், மூன்றே வெடியை வைத்து முடிவு கட்டுகிற அவசரத்திலும்தான் இருக்கிறது. அதனால் அந்த வரிசையிலேயே சொல்கிறேன்.

முதலில் சட்டம். சொந்த உபயோகத்துக்குத் தோட்டா நிரப்ப அமெரிக்க மத்திய அரசின் உரிமம் வேண்டாம். நிரப்பி விற்பதைத் தொழிலாகச் செய்தால் வேண்டும். எச்-1பி போன்ற தற்காலிக விசாவில் இருப்பவர்களுக்குத் துப்பாக்கி மட்டுமல்ல, தோட்டா வைத்திருப்பதற்கும் பொதுவாகத் தடை உண்டு. செல்லுபடியாகும் வேட்டை உரிமம் கையில் இருப்பது அதற்கான விலக்குகளில் ஒன்று. உரிமம் காலாவதியானால் விலக்கும் போய்விடும். நம்மவர்கள் பலர் கவனிக்காமல் விடுவது இதைத்தான். கிரீன் கார்டு வைத்திருப்பவர்களுக்கு இந்தத் தடை இல்லை.

இனி ரைஃபிள். தோட்டா உட்காரும் சேம்பர் காலி என்று கண்ணாலும் விரலாலும் பார்த்துவிட்டு, ஸ்டாக்கிலிருந்து (கட்டையிலிருந்து) போல்ட் ஓடும் உலோகப் பகுதியான ஆக்‌ஷனைக் கழற்றுங்கள். திரும்ப மாட்டும்போது மேகஸின் பெட்டி ஆக்‌ஷனுக்கும் அடித்தகட்டுக்கும் நடுவில் நசுங்குகிறதா என்று பாருங்கள். விரலால் ஆட்டினால் லேசாக ஆட வேண்டும். ஆடாவிட்டால் நீங்கள் முறுக்குவது ஆக்‌ஷனை அல்ல, பெட்டியைத்தான். குரூப் காரணமே தெரியாமல் சிதறும். ஆக்‌ஷன் திருகுகளுக்கு அலுமினியத் தளமோ உலோகத் தூணோ உள்ள ஸ்டாக் என்றால் பெரும்பாலும் 65 இன்ச்-பவுண்ட். தூண் இல்லாத மரம் என்றால் அதைவிட வெகு குறைவு. ஸ்டாக் செய்தவர் கொடுத்த எண்தான் கணக்கு. பேரலுக்கும் ஸ்டாக்குக்கும் இடையே மடித்த காகிதத்தை விட்டு இழுத்துப் பாருங்கள். பைபாடில் எடையைச் சாய்த்துப் படுத்த நிலையிலும் ஒருமுறை பாருங்கள். பிளாஸ்டிக் ஸ்டாக்குகள் அந்த நேரத்தில்தான் வளைந்து பேரலைத் தொடும்.

ஸ்கோப் ரெயில் திருகுகளை எண்ணெய் போகத் துடைத்து, நீலநிற லாக்டைட் ஒரு சொட்டு விட்டு, ரெயில்காரர் சொன்ன அளவுக்கு முறுக்குங்கள். 20 எம்ஓஏ (இதுவும் கோண அளவுதான்) சாய்வுள்ள ரெயில் என்றால் தடித்த பக்கம் பின்னால். ரிங்குகளை ரெயிலில் வைத்து முன்பக்கமாகத் தள்ளிப் பிடித்தபடி முறுக்க வேண்டும். இல்லையென்றால் உதைப்பு ஏற ஏற அவை தானே நகர்ந்து இடம் தேடும், பொருத்தி வைத்த குறியான ஜீரோவும் கூடவே போகும். ரிங் மூடித் திருகுகளுக்கு 15 முதல் 18 இன்ச்-பவுண்ட் போதும். அதற்கு லாக்டைட் வேண்டாம்: ஈரத்தில் திருகு வழுக்கி, டார்க் ரெஞ்ச் 18 காட்டும்போது உண்மையில் குழாயை அதைவிட அதிகமாக நெரித்திருப்பீர்கள். பேரலாக்ஸ் குமிழ் திடீரென்று இறுகினால் அதுதான் அறிகுறி. எல்லாத் திருகுத் தலையிலும் நெயில் பாலிஷால் ஒரு கோடு இழுத்துவிடுங்கள். காட்டில் நடுராத்திரிச் சந்தேகத்துக்கு அதைவிட மலிவான மருந்து கிடையாது.

ஸ்கோப்புக்குள் தெரியும் குறிக்கோடுகளான ரெட்டிகிளை நேராக்க, 100 கஜத்தில் ஒரு தூக்குக்குண்டு நூலைத் தொங்கவிட்டு, செங்குத்துக் கோடு நூலோடு பொருந்தும்படி வையுங்கள். அதே நிலையில் ரசமட்டத்தையும் பொருத்துங்கள். சுடும்போது மூன்று பாகை சாய்ந்தால் இந்தத் தோட்டாவுக்கு 600 கஜத்தில் பக்கவாட்டில் நான்கு அங்குலத்துக்கு மேல் விலகும்.

அடுத்தது பலரும் தவிர்ப்பது: ஸ்கோப் சொன்னபடி நகர்கிறதா என்ற சோதனை. நாடாவால் அளந்த 100 கஜம். லேசர் மானி வேண்டாம். அது ஒரு கஜம் பிசகினாலே நூற்றுக்கு ஒன்று தப்பு. உயரமான அட்டையில் நேர்கோடு இழுத்து, கீழே உள்ள புள்ளியைக் குறிவைத்து ஐந்து வெடி. அதே புள்ளியைப் பார்த்தபடி 10 மில் ஏற்றி இன்னொரு ஐந்து. இரண்டு குரூப் மையங்களுக்கும் நடுவே 36 அங்குலம் இருக்க வேண்டும். 35.3 தான் வந்தது என்றால் திருத்தக் காரணி 0.98, அதை பாலிஸ்டிக் செயலியில் போடுங்கள். கோட்டை விட்டு ஒருபக்கம் ஒதுங்கினால் ரெட்டிகிள் சாய்ந்திருக்கிறது.

தோட்டா நிரப்பத் தொடங்கும் முன் கடைத் தோட்டா இரண்டு மூன்று பெட்டி சுட்டுவிடுங்கள். ஹார்னடியின் 143 கிரெய்ன் இஎல்டி-எக்ஸ் (தோட்டாவிலிருந்து பறக்கும் குண்டின் பெயர்) பெட்டியில் போட்டிருக்கும் வேகம் 24 அங்குல பேரலில் விநாடிக்கு 2,960 அடி. இதில் மூன்று லாபம்: உங்கள் பேரலின் வேகம் தெரியும், உங்கள் சேம்பர் அளவுக்கு விரிந்த காலிக் கேஸ் (பித்தளைக் கூடு) சேரும், புது பேரலும் பழகும். முதல் நூறு, நூற்றைம்பது வெடிக்குள் பல பேரல்களில் வேகம் 30, 50 அடி தானாகக் கூடும். இருபதாவது வெடியில் கண்டுபிடித்த "அருமையான லோடு" (பவுடர், குண்டு சேர்க்கை) நூற்றைம்பதாவதில் அழுத்தம் காட்டுவது இதனால்தான். மெல்லிய வேட்டைப் பேரல், மேக்னம் தோட்டா. மூன்று வெடிக்கு ஒருமுறை ஆறவிடுங்கள்.

இனி மேசை. சுட்ட கேஸை வெட்-டம்பிளரில் கழுவுவது நல்லது. உலர்ந்த தூசியில், பவுடரைப் பற்றவைக்கும் பிரைமரின் ஈயம் இருக்கும். கண்ணாடி போடுங்கள், வேலை முடிந்ததும் கை கழுவாமல் சாப்பாட்டைத் தொடாதீர்கள்.

சுட்ட கேஸின் தோள் (கழுத்துக்குக் கீழே சரியும் பகுதி) அளவைக் கம்பேரட்டர் என்ற துணைக்கருவி வைத்த காலிப்பரால் எடுங்கள். கேஸை மறுபடி அளவுக்கு அமுக்கும் அச்சான ஃபுல்-லெங்த் டையைச் சிறிது சிறிதாக இறக்கி, தோள் 0.002 அங்குலம் மட்டும் பின்னுக்குப் போகும்படி நிறுத்துங்கள். டையோடு வரும் காகிதம் "ஷெல்ஹோல்டரை (கேஸைப் பிடிக்கும் தாங்கி) தொடும்வரை இறக்கு" என்று சொல்லும். கண்ணை மூடிக்கொண்டு அப்படிச் செய்தால் தோள் 0.006, 0.008 கூடப் போகலாம். நாலைந்து முறை நிரப்புவதற்குள் கேஸின் அடிப்பக்கத்தில் பளபளப்பாக ஒரு வளையம் தோன்றும், பிறகு அங்கேயே பிளக்கும். வளைத்த கம்பியை உள்ளே விட்டு இழுத்தால் பள்ளம் தட்டுப்படும். தட்டுப்பட்டால் கேஸ் குப்பைக்கு. கேஸில் தடவும் மசகு குறைந்தால் கேஸ் டையில் சிக்கும், கூடினால் தோளில் குழி விழும். கேஸ் நீளத்தின் உச்சம் 2.030 அங்குலம், 2.020-க்கு வெட்டி, வாயின் உள்ளும் புறமும் பிசிறு எடுங்கள். பிரைமர் அடிமட்டத்துக்குக் கீழே மூன்று முதல் ஐந்து ஆயிரத்தில் ஒரு பங்கு அங்குலம் இறங்கியிருக்க வேண்டும். மேடாக நின்றால் விரல் நுனிக்கே தெரியும்.

பவுடர் எடையை இங்கே எழுதப் போவதில்லை. முன்பின் தெரியாதவர் இணையத்தில் எழுதிய எண்ணை 65,000 பிஎஸ்ஐ உச்ச அழுத்தமுள்ள தோட்டாவில் போடக் கூடாது. பவுடர் அல்லது குண்டு தயாரிப்பாளரின் இப்போதைய கையேட்டில் அதே குண்டு, அதே பவுடருக்கான தொடக்க எடையை எடுங்கள். எச்1000, எச்4831எஸ்சி இரண்டும் இந்தக் கேஸுக்குப் பொருந்தும், குளிர் வெயிலுக்கு அதிகம் அசையாதவை. மேசையில் ஒரே ஒரு பவுடர் டப்பா மட்டும் இருக்கட்டும். வேறு பவுடரை மாற்றி ஊற்றுவதுதான் துப்பாக்கி வெடித்துச் சிதறுவதற்கான பெரிய வழி. எலக்ட்ரானிக் தராசை அரைமணி நேரம் சூடேறவிட்டு, சோதனை எடைக்கல் வைத்துப் பாருங்கள். ஏசி காற்று பட்டாலே எண் நகரும். ஆனாலும் 0.1 கிரெய்னுக்கு வேகம் மாறுவது நாலு அடிதான். 0.02 கிரெய்ன் வரை நிறுக்கும் தராசுக்குக் கொட்டும் பணத்தில் தோட்டா வாங்கிப் பழகலாம் என்பது என் அபிப்பிராயம்.

தொடக்க எடையிலிருந்து 0.4 கிரெய்ன் படியாக, படிக்கு ஒரு தோட்டா, குரோனோகிராஃப் (குண்டின் வேகம் அளக்கும் கருவி) வைத்துச் சுட்டு ஏறுங்கள். நிறுத்த வேண்டிய அறிகுறிகள்: போல்ட் தூக்கக் கனப்பது, கேஸ் அடியில் எஜெக்டர் (காலிக் கேஸை வெளியே தள்ளும் முனை) துளையின் வட்டப் பளபளப்பு, பிரைமர் குழி தளர்வது. இவை தெரியும்போது அழுத்தம் ஏற்கெனவே எல்லை தாண்டியிருக்கும். பிரைமர் தட்டையாவதை மட்டும் நம்ப முடியாது; தோளை அதிகம் தள்ளினாலும் தட்டையாகும். நம்பகமான சாட்சி வேகம்: கையேட்டின் உச்ச எடைக்குச் சொன்ன வேகம் உங்களுக்கு ஒரு கிரெய்ன் முன்பே வந்துவிட்டால், உச்ச அழுத்தமும் வந்துவிட்டது என்றே எடுத்துக்கொள்ளுங்கள். அறிகுறி கண்ட இடத்திலிருந்து ஒரு கிரெய்ன் கீழே, கையேட்டு உச்சத்துக்குள் நில்லுங்கள். சேற்றிலும் மழையிலும் நனைந்த தோட்டா, வெயிலில் காரில் கிடந்த தோட்டா இரண்டும் அதே சேம்பருக்குள் போகும்.

குண்டை எவ்வளவு ஆழம் உட்கார வைப்பது? போல்ட்டிலிருந்து ஃபயரிங் பின்னையும் எஜெக்டரையும் கழற்றி, பிரைமரும் பவுடரும் இல்லாத டம்மித் தோட்டாவைப் போட்டு மூடுங்கள். குண்டு பேரலுக்குள் இருக்கும் மரையைத் தொட்டால் கைப்பிடி நடுவில் தயங்கும். ஒவ்வொரு ஆயிரத்தில் ஒரு பங்காக உள்ளே இறக்க, ஒரு கட்டத்தில் கைப்பிடி தன் எடையிலேயே விழும். அதுதான் தொடும் இடம். அங்கிருந்து 0.030 முதல் 0.050 அங்குலம் பின்னால் தொடங்குங்கள். அளவைக் குண்டின் தோள்வளைவில் எடுங்கள், நுனியில் அல்ல. ஒரே பெட்டிக் குண்டுகளின் நுனியே ஒன்றுக்கொன்று வேறுபடும். தொழிற்துறை வரையறையில் மொத்த நீளம் 2.955 அங்குலம், உங்கள் மேகஸின் அதற்கு மேல் இடம் கொடுத்தால்தான் வெளியே இழுக்க முடியும். மரையைத் தொடும்படி வைப்பது போட்டிக்காரர்கள் வேலை. வேட்டையில் சுடாமல் தோட்டாவை வெளியே எடுப்பது தினசரி நடப்பது. குண்டு மரையில் மாட்டிக்கொண்டு கேஸ் மட்டும் கையோடு வந்தால் பவுடர் முழுக்க ஆக்‌ஷனுக்குள் கொட்டும். அன்றைய வேட்டை முடிந்தது.

இனி அரை அங்குல குரூப். மூன்று வெடிக் குரூப் எந்த லோடிலும் எப்போதாவது அரை அங்குலம் வரும், அதற்கு அர்த்தம் இல்லை. ஐந்து வெடியில் வேகத்தின் திட்ட விலக்கம் 8 என்று குரோனோகிராஃப் காட்டினால், உண்மையான விலக்கம் 5-லிருந்து 23 வரை எங்கேயும் இருக்கலாம். நூற்றுக்கு 95 நம்பிக்கையில் புள்ளியியல் சொல்வது அவ்வளவுதான். பத்து வெடி என்றால் 5.5-லிருந்து 14.6. ஆகவே எடையை ஏற்றிப் போகும்போது "இந்த இடத்தில் வேகம் சமமாக நிற்கிறது, இதுதான் நோட் (பேரலுக்குப் பிடித்த எடை)" என்று காண்பது பெரும்பாலும் தற்செயல். திரும்பச் சுட்டால் அந்தச் சமதளம் வேறு இடத்துக்கு ஓடிவிடும். இரண்டு எடை, இரண்டு ஆழம் எடுத்து ஒவ்வொன்றிலும் பத்து வெடி, பேரல் ஆற ஆற. பத்து வெடியும் ஒன்றேகால் அங்குலத்துக்குள் வந்தால் அது நல்ல வேட்டை ரைஃபிள். ஒன்றரையைத் தாண்டி எதிலும் அடங்காவிட்டால் எடையை நோண்டாதீர்கள். திருகைப் பாருங்கள், பிறகு குண்டையோ பவுடரையோ மாற்றுங்கள்.

வேகத்தில் 20 அடி வித்தியாசம் 600 கஜத்தில் ஓரங்குலச் சொச்சம் ஏற்ற இறக்கம். அதே தூரத்தில் பக்கவாட்டுக் காற்றை மணிக்கு மூன்று மைல் தப்பாகக் கணித்தால் சுமார் ஐந்து அங்குலம். எதற்கு நேரம் செலவழிப்பது என்று இந்த இரண்டு எண்ணே சொல்லும். மானின் மேல் நாம் போட வேண்டிய இலக்கு ஏறக்குறைய பத்து அங்குல வட்டம்.

லோடு முடிவானதும் செயலியில் வேகத்தைப் போட்டு 500, 700 கஜத்தில் சுட்டுச் சரிபாருங்கள். செயலியின் காற்றழுத்தக் கட்டத்தில் வானிலைச் செய்தி சொல்லும் எண்ணைப் போடாதீர்கள். அது கடல்மட்டத்துக்குத் திருத்தியது. 7,000 அடி உயரத்தில் உண்மையான அழுத்தம் சுமார் 23 அங்குலப் பாதரசம், வானிலைச் செய்தி 30 என்று சொல்லும். அப்படிப் போட்டால் குண்டு நீங்கள் நினைத்ததைவிட மேலே போகும். ஆகஸ்ட் வெயிலில் எடுத்த வேகத்தை நவம்பரில் உறைகுளிரில் ஒருமுறை திரும்ப அளந்துவிடுங்கள். பவுடர் குளிருக்கு அசைகிற வகை என்றால், 80 ஃபாரன்ஹீட் டிகிரி வித்தியாசத்தில் வேகம் 80 அடிகூட இறங்கும். இஎல்டி-எக்ஸ் விரிய விநாடிக்கு சுமார் 1,600 அடி வேகம் தேவை, வேறு பல குண்டுகளுக்கு 1,800. உங்கள் தூரத்தின் மேல் எல்லையை அதுவும் கட்டுப்படுத்தும். படுத்தோ முதுகுப்பை மேல் வைத்தோ, ஆறிய பேரலின் முதல் வெடியைப் பத்து அங்குலத் தட்டில் எத்தனை கஜம் வரை தவறாமல் போடுகிறீர்களோ, அதிலும் குண்டு விரியும் தூரத்திலும் குறைந்தது எதுவோ, அதுவே உங்கள் தூரம்.

வேட்டைக்கு எடுத்துப் போகும் தோட்டாக்கள் அத்தனையையும் பாதுகாப்பான திசையில் முனை வைத்து, மேகஸின் வழியாகவே ஒருமுறை ஏற்றி இறக்கிப் பாருங்கள். பெட்டியின் மேல் குண்டு, பவுடரின் லாட் (தயாரிப்புத் தொகுதி) எண், எடை, பிரைமர், தோள்வளைவு அளவு, தேதி எழுதி ஒட்டுங்கள். புது லாட் பவுடர் டப்பா திறந்தால், பெயர் அதேதான் என்றாலும், ஒரு கிரெய்ன் இறங்கி மறுபடி குரோனோகிராஃபோடு ஏற வேண்டும். பிரைமரோ கேஸோ மாறினாலும் அப்படியே.