நவுருக்காரர்கள் சோம்பேறிகளா? – கடிதம்

அன்புள்ள ஐயா,

நவுரு தீவைப் பற்றி ஒரு காணொளி பார்த்தேன். ஒருகாலத்தில் உலகிலேயே பெரும் பணக்கார நாடாக இருந்து, உழைக்காமல் உட்கார்ந்து தின்றே அழிந்த மக்கள் என்றார்கள். நமக்கெல்லாம் ஒரு பாடம் என்று தோன்றியது. அந்த மக்கள் யார், எத்தனை பேர், இப்போது எப்படி இருக்கிறார்கள், சுற்றுலாவாகப் போக முடியுமா? எழுதுவீர்களா?

எஸ்., திருப்பூர்

அன்புள்ள எஸ்.,

எண்ணிக்கையை முதலில் சொல்லிவிடுகிறேன். நவுரு பசிபிக் கடலில் உள்ள ஒரு சின்னத் தீவு நாடு. 21 சதுர கிலோமீட்டர், சுமார் 12,000 பேர். தீவைச் சுற்றி 19 கிலோமீட்டருக்கு ஒரு சாலை. சட்டப்படி தலைநகர் என்று எதுவும் கிடையாது. கொடியில் இருக்கும் மஞ்சள் கோடு பூமத்திய ரேகை, அதற்குக் கீழே உள்ள நட்சத்திரத்தின் பன்னிரண்டு முனைகள் பன்னிரண்டு குலங்கள்.

'உட்கார்ந்து தின்றே அழிந்த மக்கள்' என்ற வரியைப் படித்ததும் எனக்குக் கோபம் வந்தது. போன மாதம்தான் பெரியப்பா காரியத்துக்கு ஊருக்குப் போய் வந்தேன். முப்பது வருஷத்துக்கு முன்னால் அவர் தன் வயலைச் செங்கல் சூளைக்கு மண் எடுக்க விட்டார். மூன்றடி என்று பேச்சு, தோண்டியது இரண்டு ஆள் ஆழம். கிடைத்த காசில் ஒரு புல்லட் வாங்கினார். அவ்வளவுதான், சாகும்வரை ஊருக்கு அவர் 'புல்லட் வாங்கி அழிந்த ஆள்'. துக்க வீட்டிலும் அதே பேச்சு. குழி இன்னும் அங்கேதான் கிடக்கிறது, தோண்டியவர் பெயரை ஒருவர்கூட எடுக்கவில்லை. அந்த எரிச்சல் அடங்குவதற்குள் உங்கள் கடிதம் வந்துவிட்டது.

நவுருவில் தோண்ட ஆரம்பித்தது யார் என்று அந்தக் காணொளி சொன்னதா? 1900-இல் சிட்னி அலுவலகம் ஒன்றில் கதவு சாத்திக்கொள்ளாமல் இருக்க வைத்திருந்த ஒரு கல்லை ஆல்பர்ட் எல்லிஸ் என்பவர் சோதித்துப் பார்த்தார். உரம் செய்ய உதவும் உயர்தரப் பாஸ்பேட். கல் வந்தது நவுருவிலிருந்து. சில வருஷங்களில் சுரங்கவேலை தொடங்கிவிட்டது. முதல் உலகப்போருக்குப் பிறகு பிரிட்டன், ஆஸ்திரேலியா, நியூசிலாந்து மூன்றும் கூட்டாக எடுத்துக்கொண்டன. ஆஸ்திரேலிய, நியூசிலாந்துப் பண்ணைகளுக்குச் சந்தை விலையைவிடக் குறைவாக உரம் போனது, தீவுக்காரர்களுக்குச் சில்லறை கிடைத்தது. பாஸ்பேட் இருப்பது சுண்ணாம்புப் பாறைகளுக்கு நடுவே. அதைச் சுரண்டி எடுத்த பிறகு மண் இல்லாமல் பாறைகள் மட்டும் பற்களைப் போல நிற்கும், சில இடங்களில் 15 மீட்டர் உயரத்துக்கு. அங்கே நடக்கக்கூட முடியாது, விவசாயம் எங்கே செய்வது? 1964-இல் ஆஸ்திரேலியா, 'தீவு இனி உதவாது, எங்கள் கரைக்குப் பக்கத்தில் கர்டிஸ் தீவு தருகிறோம், வந்துவிடுங்கள்' என்றது. இந்த மக்கள் மாட்டோம் என்றார்கள்.

1968-இல் சுதந்திரம் வந்த பிறகு மிச்சத்தைத் தோண்டியது அவர்களேதான், அதை நான் மறுக்கவில்லை. மெல்போர்னில் 52 மாடிக் கட்டடம், சொந்த விமானக் கம்பெனி, லண்டனில் தோற்றுப்போன ஓர் இசை நாடகம், எல்லாம் உண்மை. சரி, புல்லட் வாங்கினார்கள். ஆனால் குழிக்கும் கணக்கு கேட்டார்கள், அதை யாரும் காணொளியில் சொல்வதில்லை. இலங்கையின் சட்ட அறிஞர் கிறிஸ்டோபர் வீரமந்திரி தலைமையில் விசாரணை ஆணையம் வைத்து, 1989-இல் ஆஸ்திரேலியாவைச் சர்வதேச நீதிமன்றத்துக்கு இழுத்தார்கள். வழக்கு செல்லாது என்று ஆஸ்திரேலியா வாதாடியது, நீதிமன்றம் ஏற்கவில்லை. 1993-இல் ஆஸ்திரேலியா 10.7 கோடி ஆஸ்திரேலிய டாலர் கொடுத்துச் சமாதானமாகப் போனது.

சோம்பேறிகள் என்ற பேச்சுக்கு வருகிறேன். தீவின் நடுவே புவாடா என்று ஒரு குளம் இருக்கிறது. கடலோரப் பாறைத் திட்டில், அலை வடிகிற நேரம் பார்த்து, பால்கெண்டைக் குஞ்சுகளைப் பிடிப்பார்கள். கண்ணுக்கே சரியாகத் தெரியாத பொடிகள். கடலில் பிறந்ததை அப்படியே குளத்தில் விட்டால் செத்துவிடும் என்று கொஞ்சம் கொஞ்சமாக நல்ல தண்ணீருக்குப் பழக்கி, அப்புறம்தான் குளத்தில் விடுவார்கள். குளத்தில் குடும்பத்துக்கு ஒரு பங்கு. மழை பொய்க்கும் தீவில் விருந்துக்கும் பஞ்சத்துக்கும் அதுதான் கையிருப்பு. 1960-களில் வெளியிலிருந்து திலேப்பியாவைக் கொண்டுவந்து விட்டார்கள், நம் ஏரிகளில் ஜிலேபிக் கெண்டை என்று சொல்கிறோமே, அதேதான். அது பெருகி, பால்கெண்டை வளர்ப்பே நொடித்துப்போனது. நகக்கண் அளவு குஞ்சைத் தண்ணீர் மாற்றிப் பழக்கி வளர்த்தவர்களையா சோம்பேறி என்கிறீர்கள்? ஒரு தடவை யோசித்துவிட்டு எழுதியிருக்கலாம் நீங்கள். தகர டப்பா உணவும் சர்க்கரை நோயும் மண்ணை இழந்த பிறகு வந்தவை.

யார் இவர்கள் என்று கேட்டீர்கள். 1920-இல் விஷக்காய்ச்சல் வந்து கொத்துக்கொத்தாகச் செத்தார்கள். ஓர் இனமாகப் பிழைக்க 1,500 பேராவது வேண்டும் என்று ஒரு கணக்கு வைத்து, ஒவ்வொரு குழந்தையாக எண்ணினார்கள். 1932 அக்டோபர் 26-இல் அந்த எண்ணைத் தொட்ட குழந்தை பிறந்தது. அந்த நாளுக்கு 'அங்கம்' என்று பெயர், இன்றும் விடுமுறை. பத்து வருஷத்தில் ஜப்பான் வந்தது, 1,200 பேரைப் பசிபிக்கில் தன் வசமிருந்த ட்ரூக் தீவுகளுக்குக் கொண்டுபோய்க் கூலிவேலை வாங்கியது. பசியிலும் நோயிலும் செத்தவர் போக, 1946 ஜனவரி 31-இல் திரும்பி வந்தவர்கள் 737 பேர். மறுபடி எண்ண ஆரம்பித்தார்கள். 1968-இல் சுதந்திரத்துக்கு நாள் குறித்தபோது அதே ஜனவரி 31-ஐத்தான் தேர்ந்தெடுத்தார்கள். முதல் ஜனாதிபதி ஹாமர் டிரோபர்ட்டும் ட்ரூக் போய்த் திரும்பியவர்தான்.

போகலாம், எஸ். பிரிஸ்பேனிலிருந்து விமானம் இருக்கிறது, விசாவை முன்கூட்டியே வாங்கிக்கொள்ளுங்கள். முடிந்தால் அக்டோபர் 26-ஐ ஒட்டிப் போங்கள்.