இசட்3-ஐக் கொடுத்துவிட்டு பாக்ஸ்டர் எடுக்கலாமா?

கேள்வி: சுங்கை சிப்புட்டில் செம்பனைக் குலை ஏற்றும் லோரி குத்தகைத் தொழில் செய்கிறேன். என்னிடம் 2000-இல் தயாரான பிஎம்டபிள்யூ இசட்3 1.9 இருக்கிறது. ஈப்போவில் ஒருவர் தன் போர்ஷே பாக்ஸ்டர் 2.7-ஐ (டிப்ட்ரானிக் ஆட்டோ கியர்) எனக்குத் தருவதாகச் சொல்கிறார். பதிலுக்கு இசட்3-உம் மேலே 20,000 ரிங்கிட்டும் கேட்கிறார். கெரானில் (வாகன உரிமைப் பத்திரம்) பதிவு 2003. மீட்டரில் 78,000 கிலோமீட்டர்தான். பெரும்பாலும் வீட்டு போர்ச்சில் நின்ற கார் என்கிறார். என் கையில் 25,000 இருக்கிறது. மாற்றிக்கொள்ளலாமா?

பதில்: அவர் கேட்கும் தொகைக்கு, காரைத் தூக்கி அடியில் பார்க்காமல், வேண்டாம். பார்த்த பிறகு ஆசை குறையவில்லை என்றால் பேரம் பேசுங்கள்.

ஆசைப்படுவதில் தப்பே இல்லை. உங்கள் இசட்3-இன் இன்ஜின் 118 குதிரைத்திறன். அந்த பாக்ஸ்டருக்கு 220-க்குக் குறையாது. ஆறு சிலிண்டர் இன்ஜின் இருக்கைக்குப் பின்னால் படுத்திருப்பதால் கார் வளைவில் திரும்பும் விதமே வேறு. ஒருமுறை ஓட்டியவருக்கு அது மறக்காது. விற்பவருக்கும் இது தெரியும். அதனால் ஓட்டிப் பார்ப்பதைக் கடைசிக்குத் தள்ளுங்கள்.

முதலில் கார் எந்த வருடத்தியது என்று பாருங்கள். 2003 என்பது இங்கே பதிவான வருடம். ரீகொன் காராக வந்திருந்தால், வெளிநாட்டில் சில வருடம் ஓடிய பிறகுதான் நம் ஊர் நம்பர் பிளேட் ஏறியிருக்கும். கெரானில் தயாரிப்பு ஆண்டு தனியாக இருக்கும். சேஸி எண்ணின் பத்தாவது எழுத்தையும் பாருங்கள்: ஒய் என்றால் 2000 மாடல், 1 என்றால் 2001, 3 என்றால் 2003. காகிதமே இல்லாமல் கண்டுபிடிக்கவும் வழி உண்டு. 2003 மாடலில்தான் கூரையின் பின் சன்னல் கண்ணாடியாக மாறியது, டேஷ்போர்டில் கையுறைப் பெட்டியும் வந்தது. கூரையை யாராவது பின்னால் மாற்றியிருக்கலாம். கையுறைப் பெட்டியை யாரும் மாற்றியிருக்க மாட்டார்கள். அது இல்லை என்றால் கார் 2002 அல்லது அதற்கு முந்தைய மாடல், அவர் வாயில் என்ன வருடம் வந்தாலும் சரி.

இதை இவ்வளவு நோண்டுவதற்குக் காரணம் ஒரு சின்ன பேரிங். இந்த இன்ஜினுக்குள் இடைத்தண்டு ஒன்று ஓடுகிறது. கிராங்க் தண்டு செயின் மூலம் அதைச் சுற்றும், அது கேம் தண்டுகளைச் சுற்றும். கியர்பாக்ஸ் பக்க முனையில் அந்த இடைத்தண்டைத் தாங்குவது சீல் வைத்த ஒரு பால் பேரிங். சீல் தேய்ந்தால் உள்ளே எண்ணெய் புகுந்து கிரீஸைக் கழுவிவிடும். அதன் பிறகு பேரிங் மெல்ல மெல்லத் தின்றுபோகும். ஒருநாள் தண்டு இடம் பெயரும், கேம் டைமிங் குலையும், பிஸ்டன் வால்வை முட்டும். இன்ஜின் அத்தோடு சரி. ஆரம்ப காலக் கார்களில் இரட்டை வரிசை பேரிங், பிறகு 2005 வரை ஒற்றை வரிசை. அமெரிக்காவில் உரிமையாளர்கள் தொடுத்த கூட்டு வழக்கில் வெளிவந்த கணக்குப்படி ஒற்றை வரிசையில் சுமார் 8 விழுக்காடு பழுதானது, இரட்டை வரிசையில் 1 விழுக்காட்டுக்கும் குறைவு. 2000, 2001 மாடல்களில் இரண்டு வகையும் கலந்து வந்திருக்கின்றன. எது உள்ளே இருக்கிறது என்பதை கியர்பாக்ஸை இறக்கி மூடியைப் பார்த்தால்தான் உறுதியாகச் சொல்ல முடியும்.

நூற்றுக்கு எட்டுதானே என்று தோன்றும். உங்களிடம் இருக்கப்போவது ஒரு கார். அதில் எட்டு விழுக்காடு உடையாது, முழுசாக உடையும் அல்லது உடையாது.

அவர் பெருமையாகச் சொல்லும் 'ஓடாமல் நின்ற கார்' என்பதை நான் விலை குறைக்கும் காரணமாகவே எடுத்துக்கொள்வேன். அடிக்கடி ஓடி இன்ஜின் சூடேறி, எண்ணெய் வருடா வருடம் மாறிய பாக்ஸ்டர்கள்தான் இந்த விஷயத்தில் நன்றாகத் தாங்குகின்றன. அதனால் மீட்டரை விட்டுவிட்டு ரசீதுகளைக் கேளுங்கள். பேரிங் மாற்றியிருந்தால் தேதி, கிலோமீட்டர், எந்தத் தயாரிப்பு என்பதெல்லாம் ரசீதில் இருக்கும். அமெரிக்காவின் எல்என் எஞ்சினியரிங் செய்யும் மாற்று பேரிங்கைப் பலர் போடுகிறார்கள். "போன ஓனர் மாத்திட்டார்" என்ற வாய்ச்சொல்லுக்கு ஒரு ரிங்கிட்கூட மதிப்பில்லை.

ரசீது இல்லையா? அவர் சம்மதத்தோடு எண்ணெய் ஃபில்டரைக் கழற்றச் சொல்லுங்கள். இந்தக் காரில் அது காகித ஃபில்டர். மடிப்புகளை அறுத்து வெள்ளைத் துணி மேல் விரித்து, வெயிலில் சாய்த்துப் பாருங்கள். கருப்புப் பிளாஸ்டிக் துணுக்கு செயின் வழிகாட்டியிலிருந்து வருவது. ஒன்றிரண்டு இருந்தால் பதற வேண்டாம். மினுமினுக்கும் துகள் இருந்தால் காந்தத்தை வையுங்கள். ஒட்டிக்கொண்டால் அது இரும்பு, பேரிங் பேச ஆரம்பித்துவிட்டது. கை குலுக்கிவிட்டு வீட்டுக்கு வாருங்கள். இன்ஜினும் கியர்பாக்ஸும் சேரும் இடத்தில் எண்ணெய் ஈரம் இருக்கிறதா என்றும் அடியில் பாருங்கள். அது இடைத்தண்டு மூடியின் கசிவாகவோ கிராங்க் பின் சீலாகவோ இருக்கலாம். இரண்டுக்குமே கியர்பாக்ஸ் இறங்க வேண்டும், ஆகவே இரண்டையும் ஒரே வேலையாகச் செய்வார்கள்.

அடுத்து உங்கள் ஊர். சுங்கை சிப்புட்டில் நல்ல பட்டறைகள் இருக்கின்றன, ஆனால் பாக்ஸ்டரின் இன்ஜினை மேலிருந்து தொட வேண்டுமானால் கூரையைப் பாதியில் நிறுத்தி, பின்னால் இருக்கும் மூடியைக் கழற்ற வேண்டும். மற்ற வேலை பெரும்பாலும் அடியிலிருந்து. காரை உயரத் தூக்கும் லிஃப்ட் இல்லாத பட்டறையில் அதைக் கொண்டுபோய் விடாதீர்கள். ஈப்போவில் கை வைக்கத் தெரிந்தவர் கிடைக்கவில்லை என்றால் கோலாலம்பூர், பெட்டாலிங் ஜெயா வரை இழுவை லோரியில்தான் போக வேண்டும். ஈப்போவிலிருந்தே 200 கிலோமீட்டர்.

தோட்டத்துப் பாதை இன்னொரு கவலை. பாக்ஸ்டரின் ரேடியேட்டர்கள் முன் பம்பரின் இரு மூலைகளிலும் உட்கார்ந்திருக்கின்றன. காற்று போகும் வாயில் இலையும் குப்பையும் நுழைந்து, ஏர்கோன் கண்டன்சருக்கும் ரேடியேட்டருக்கும் நடுவே நின்று ஊறி, இரண்டையும் அரித்துவிடும். பிப்ரவரி, மார்ச்சில் பால்மரம் இலை கொட்டும்போது உங்கள் பக்கத்துச் சாலை எப்படி இருக்கும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. பம்பரைக் கழற்றி அந்த இடுக்கைக் கட்டாயம் பாருங்கள். அதே இலை கூரையோரத்து வடிகால் துளைகளை அடைத்தால் மாலை மழை நேரே காருக்குள் இறங்கும். இருக்கைக்கு அடியில் இம்மொபிலைசர் பெட்டி இருக்கிறது. அது நனைந்தால் கார் சாவியை மதிக்காது. கம்பளத்தைக் கையால் அழுத்திப் பாருங்கள், ஈரம் தெரியும்.

இனி உங்கள் காரையும் கொஞ்சம் மதியுங்கள். உங்கள் இசட்3-இல் இருக்கும் எம்43 இன்ஜின் வகைதான் பிஎம்டபிள்யூவின் ஆரம்ப கால இ46 318ஐ காரிலும் ஓடியது. அதனால் ஹாஃப்கட் (பழைய கார்களை வெட்டி விற்கும்) கடைகளில் உதிரிபாகம் கிடைக்கும், ஊர் பட்டறைக்காரருக்கும் அது தெரிந்த சரக்கு. அதற்கென்று பேர்போன வியாதி ஒன்று உண்டு: பின்னால் டிஃபரன்ஷியல் தொங்கும் இடத்தில் பூட் தரைத் தகட்டின் வெல்டு விட்டுப்போகும். பூட் கம்பளத்தைத் தூக்கிப் பாருங்கள். விரிசல் இருந்தால் மறைக்காமல் அவரிடம் சொல்லிவிடுங்கள், அவரும் தேடத்தான் போகிறார். தகடு சுத்தமாக இருந்தால் அதுவே உங்கள் பேரத்துக்குப் பலம்.

சாலை வரியைப் பார்ப்போம். தீபகற்பத்தில் தனிநபர் பெயரில் 1,895 சிசி இசட்3-க்கு வருடம் 327.50 ரிங்கிட். 2,687 சிசி பாக்ஸ்டருக்கு 1,347.50. சிசி ஏற ஏற விகிதமும் கூடும், 2,500 சிசியைத் தாண்டியதும் ஒவ்வொரு சிசிக்கும் இரண்டரை ரிங்கிட் ஏறும். எண்ணெய் மாற்றும்போது எட்டு லிட்டருக்கு மேல் கேட்கும். பின் டயர் 17 அங்குல வீலில் 255/40 அளவு. சொல்லி வைத்து வரவழைக்க வேண்டியிருக்கும். ஆறுதலாக ஒன்று சொல்கிறேன்: அடிக்கடி கெடும் இக்னிஷன் சுவிட்ச் ஃபோக்ஸ்வேகன், ஆவ்டி கார்களில் இருப்பதே. போர்ஷே பெயர் சொல்லாமல் கேட்டால் மலிவாகக் கிடைக்கும்.

25,000-இல் 20,000 போனால் மிச்சம் 5,000. கியர்பாக்ஸ் இறக்கி பேரிங், பின் சீல், கூடவே வாட்டர் பம்ப், விரிசல் விடும் பிளாஸ்டிக் கூலன்ட் தொட்டி என்று பட்டியல் போட்டால் அது போதாது. நான் உங்கள் இடத்தில் இருந்தால் பாக்ஸ்டர் தெரிந்த பட்டறை ஒன்றில் என் செலவில் காட்டி, இந்த வேலைகளுக்கு எழுத்தில் விலை வாங்கி, அதை அப்படியே 20,000-இல் கழிக்கச் சொல்வேன். கழிக்க மாட்டேன் என்றால் இசட்3-லேயே இருப்பேன். பேரிங் ரசீதும் வருடா வருடம் எண்ணெய் மாற்றிய ரசீதும் இருந்து, ஃபில்டரும் சுத்தமாக இருந்தால் அவர் கேட்டதற்கு நெருங்கியே கொடுக்கலாம். அப்படிப்பட்ட கார் அடிக்கடி கிடைக்காது.

ஒத்துப்போனால், நீங்கள் இருவரும் இதை ஒரே மாற்றம் என்று நினைத்தாலும் ஜேபிஜே (சாலைப் போக்குவரத்து இலாகா) கணக்கில் இது இரண்டு தனித்தனி பெயர்மாற்றம். இரண்டு காருக்கும் புஸ்பகோம் (வாகனச் சோதனை நிலையம்) பி5 சோதனை வேண்டும். அங்கே சேஸி எண், இன்ஜின் எண் பார்ப்பார்கள். வெட்டி ஒட்டிய கார் என்றால் அங்கே மாட்டும். இன்ஜின் ஆரோக்கியத்துக்கு அந்தச் சான்றிதழ் பொறுப்பில்லை. இரு தரப்பிலும் சம்மன் பாக்கி, வங்கிக் கடன் பாக்கி இல்லாமல் இருக்க வேண்டும். உங்கள் என்சிடி (காப்புறுதியில் இழப்பீடு கேட்காததற்குக் கிடைக்கும் கழிவு) காரோடு போகாது, உங்களோடு வரும். இசட்3 காப்புறுதியை ரத்து செய்து அதைப் பாக்ஸ்டருக்கு மாற்றச் சொல்லுங்கள். பழைய காருக்கு முழுக் காப்புறுதி தர எல்லா நிறுவனமும் முன்வராது. ஆகவே ஒத்துக்கொண்ட மதிப்பில் பாலிசி தருபவரை முன்பணம் கொடுப்பதற்கு முன்பே தேடிப் பிடியுங்கள். இரண்டு பெயர்மாற்றத்தையும் ஈப்போவில் ஒரே நாளில் முடித்துவிட்டு, அதன் பிறகு மேல் பணத்தைக் கொடுங்கள்.