அரசு உதவியோடு ஆஸ்திரேலியாவுக்கு: பாய்மரக் கப்பல் காலக் கேள்விகள்

அமெரிக்கா அருகிலேயே இருக்கும்போது, பிரிட்டிஷ் ஏழைகளை ஆஸ்திரேலியாவுக்கு அனுப்ப அரசு ஏன் கட்டணம் கட்டியது?

அமெரிக்கா அருகில் இருந்ததுதான் காரணம். 1840-களில் நியூயார்க் போக நாலைந்து பவுன் போதும். சிட்னிக்கோ பதினைந்து, இருபது பவுன் ஆகும். தெற்கு இங்கிலாந்துப் பண்ணைக் கூலிக்கு வாரம் எட்டு முதல் பத்து ஷில்லிங்தான். ஒரு பவுனுக்கு 20 ஷில்லிங். முக்கால் வருடக் கூலியை அப்படியே எடுத்து வைத்தால்தான் ஒரே ஒரு ஆள் கப்பல் ஏற முடியும். கைக்காசு போட்டு யாரும் வரமாட்டார்கள் என்பது காலனிக்காரர்களுக்குத் தெரியும்.

பணத்தின் பெரும்பகுதி லண்டன் கஜானாவிலிருந்து வரவில்லை, காலனியில் நிலம் விற்ற பணத்திலிருந்து வந்தது. நியூ சவுத் வேல்ஸில் 1831-ல் இலவச நில மானியத்தை நிறுத்தி, ஏக்கருக்குக் குறைந்தது 5 ஷில்லிங் என்று ஏலம் விடத் தொடங்கினார்கள். பிறகு அது 12 ஷில்லிங் ஆகி, 1842-ல் ஒரு பவுனானது. குடியேற்றக் கொள்கை வகுத்த ஆங்கிலேயர் எட்வர்ட் கிப்பன் வேக்ஃபீல்டின் வாதம் இதற்குப் பின்னால் இருந்தது: நிலம் மலிவாகக் கிடைத்தால் வந்தவன் எல்லாம் உடனே நிலக்காரனாகிவிடுவான், கூலிக்கு ஆள் இருக்காது, ஆகவே நிலத்துக்கு விலை வை, அந்தப் பணத்தில் ஆள் கொண்டுவா. நல்ல கணக்குதான். ஆனால் விற்கப்பட்ட நிலம் ஆஸ்திரேலியப் பூர்வகுடிகளிடமிருந்து விலையும் இல்லாமல் ஒப்பந்தமும் இல்லாமல் எடுக்கப்பட்டது என்பதைச் சொல்லாமல் இந்தத் திட்டத்தைப் பற்றிப் பேசுவது நேர்மையாகாது.

கணக்கிலும் ஒரு பலவீனம் இருந்தது. நில விற்பனை படுத்தால் குடியேற்றமும் படுத்துவிடும். 1840-களின் தொடக்க மந்தத்தில் அதுதான் நடந்தது.

‘பவுண்டி’ முறை என்பது என்ன?

ஆளைக் கொண்டுவந்து இறக்கியவருக்குத் தலைக்கு இவ்வளவு என்று காலனி அரசு கொடுத்த தொகை அது. 1835-ல் நியூ சவுத் வேல்ஸ் வைத்த விகிதம்: 30 வயதுக்கு உட்பட்ட தம்பதிக்கு 30 பவுன், 15 முதல் 30 வயதுள்ள தனிப்பெண்ணுக்கு 15, தனி ஆணுக்கு 10, ஒரு வயது தாண்டிய பிள்ளைக்கு 5. கப்பல் வந்ததும் ஒரு குழு ஆட்களைப் பார்த்துத் தேறியவர்களுக்கு மட்டும் பணம் கொடுக்கும். நிலக்காரர்களுக்காக வகுத்த இந்த முறை விரைவிலேயே கப்பல் முகவர்களின் கைக்குப் போனது. தலைக்குக் காசு என்றால் வயதும் தொழிலும் காகிதத்தில் மாறும். 35 வயதுக்காரர் 29 ஆவார், நெசவாளி உழவனாவார்.

1849-ல் சிட்னி போகும் அயர்லாந்து அநாதைப் பெண்ணைப் பற்றி நாவல் எழுதுகிறேன். அவள் பெட்டியில் என்ன இருந்திருக்கும்?

1848 முதல் 1850 வரை அயர்லாந்து ஏழையர் விடுதிகளிலிருந்து 4,000-க்கும் மேற்பட்ட பெண்கள் அனுப்பப்பட்டார்கள். பெரும்பாலோர் 14 முதல் 18 வயதுக்காரர்கள். காலனித்துறை அமைச்சர் ஏர்ல் கிரேயின் திட்டம் அது. மரப்பெட்டியில் உள்ளாடை ஆறு, ஃபிளானல் உள்பாவாடை இரண்டு, காலுறை ஆறு ஜோடி, காலணி இரண்டு ஜோடி, கவுன் இரண்டு. ஒரு கவுனாவது கனத்த துணியில் இருக்க வேண்டும், ஏனென்றால் தென்கடலில் குளிர் கடுமை.

ஒன்றை மட்டும் கவனியுங்கள்: பயணம் முழுக்க அவள் கை அந்தப் பெட்டிக்கு எட்டாது. பெட்டிகள் அடிச் சரக்கறையில் இருக்கும். சில வாரங்களுக்கு ஒருமுறைதான் மேலே ஏற்றித் திறக்க விடுவார்கள். இடைப்பட்ட நாட்களுக்கான துணி ஒரு கித்தான் பையில் இருக்கும். படுக்கையிடமும் முக்கியம். தனிப்பெண்கள் கப்பலின் பின்பகுதியில், குடும்பங்கள் நடுவில், தனி ஆண்கள் முன்பகுதியில். பெண்கள் பகுதிக்கு ஒரு மேட்ரன், அதாவது பெண் கண்காணிப்பாளர், பொறுப்பு. மாலுமிகள் உள்ளே வரக்கூடாது. உங்கள் கதாநாயகி மாலுமியோடு பேச வேண்டுமானால் மேல்தளத்தில், அதுவும் கண்காணிப்புக்குத் தப்பித்தான்.

சாப்பாடும் தண்ணீரும்?

1855-ன் பிரிட்டிஷ் கப்பல் பயணிகள் சட்டப்படி பெரியவர் ஒருவருக்கு நாளொன்றுக்கு மூன்று குவார்ட், அதாவது சுமார் 3.4 லிட்டர் நல்ல தண்ணீர், சமையலுக்குத் தனி. 12 வயதுக்கு உட்பட்ட பிள்ளைகள் இருவர் ஒரு பெரியவருக்குச் சமம். துணி துவைப்பது வாரம் இரண்டு நாள், பெரும்பாலும் கடல்நீரில். மழை பெய்தால் வாளி, கித்தான், கைக்குக் கிடைத்த எல்லாவற்றிலும் பிடித்து வைப்பார்கள்.

உணவு ஆறு முதல் பத்துப் பேர் கொண்ட குழுக்களுக்கு அளந்து தரப்படும்: பிஸ்கட், மாவு, உப்புக்கண்டம், பட்டாணி, அரிசி, ஓட்ஸ், உலர்திராட்சை, தேயிலை, சர்க்கரை. குழுத் தலைவர் மாவையும் கொழுப்பையும் திராட்சையையும் பிசைந்து துணிப்பையில் கட்டி, குழு எண் அடித்த தகரத் துண்டை அதில் கோத்து, மேல்தள அடுப்படியில் கொடுப்பார். கொதிக்கும் அண்டாவில் இருபது முப்பது பைகள் ஒன்றாகக் கிடக்கும். தகரம் கழன்றால் சண்டை நிச்சயம். புயலில் அலை அடித்து அடுப்பு அணைந்தால் அன்று வெறும் பிஸ்கட்தான்.

இந்தக் கப்பல்களில் அவ்வளவு பிள்ளைகள் இறந்தது ஏன்?

எல்லாக் கப்பல்களிலும் அப்படி நடக்கவில்லை. 1840-ல் அமைந்த காலனி நில, குடியேற்ற ஆணையத்தின் கப்பல்களில் விதிகள் இறுக்கமாக இருந்தன. ஏறுமுன் அம்மை குத்தியதற்குச் சான்று வேண்டும். ஏழு மணிக்கு எழுந்து படுக்கையைச் சுருட்டி மேலே எடுத்துப் போக வேண்டும். தளத்தைத் தண்ணீர் ஊற்றிக் கழுவாமல், உலர்வாகச் சுரண்டித் தேய்க்க வேண்டும். கீழ்த்தளத்தில் ஈரம் நின்றால் வாரக்கணக்கில் காயாது. மருத்துவருக்கு ஊதியம், உயிரோடு கரையிறங்கிய தலைக்கு இவ்வளவு என்ற கணக்கில். நோயைத் தடுப்பதில் அவருக்கே பணப் பங்கு இருந்தது. மொத்தத் திட்டத்திலும் உருப்படியான ஏற்பாடு இதுதான் என்பேன்.

இன்னொரு விதி: ஏழு வயதுக்கு உட்பட்ட பிள்ளைகள் இரண்டுக்கு மேலோ, பத்து வயதுக்கு உட்பட்டவர் மூன்றுக்கு மேலோ உள்ள குடும்பத்தை ஏற்றக்கூடாது. கேட்க இரக்கமற்றதாகத் தோன்றும். தட்டம்மை ஏறிய கப்பலில் கைக்குழந்தைகள் நிறைந்திருந்தால் என்ன ஆகும் என்று பார்த்தவர்கள் வைத்த விதி அது.

1851-ல் விக்டோரியாவில் தங்கம் கிடைத்தது. மேய்ப்பர்கள் மந்தையை விட்டுத் தங்க வயலுக்கு ஓடினார்கள். ஆள் அனுப்பு என்று காலனி நெருக்கியது. கப்பல் தட்டுப்பாடு வேறு. ஆணையம் பிள்ளைகள் விதியைத் தளர்த்தியது, லிவர்பூலில் பயணிகளுக்கு இரண்டு தளங்கள் உள்ள பெரிய கப்பல்களை வாடகைக்கு எடுத்தது. 1852-ல் ‘போர்னஃப்’ கப்பலில் 80-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள், பெரும்பாலும் குழந்தைகள். அதே ஆண்டு ஆகஸ்டில் பர்க்கன்ஹெட்டிலிருந்து சுமார் 800 பேரோடு கிளம்பிய ‘டிக்கன்டரோகா’வில் டைஃபஸ் என்ற கொடிய தொற்றுக் காய்ச்சல் பரவியது. வெளிச்சமும் காற்றும் எட்டாத அடித்தளத்தைச் சுத்தமாக வைத்திருக்க முடியவில்லை. கடலில் சுமார் 100 பேர், கரையில் தனிமைப்படுத்திய இடத்தில் மேலும் 70 பேரளவில் மாண்டார்கள். மெல்பர்ன் அருகே பாயின்ட் நெப்பியன் தனிமை முகாம் அப்படித்தான் தொடங்கியது. டைஃபஸ் உடல் பேனால் பரவுகிறது என்பது அப்போது எவருக்கும் தெரியாது. ஆனால் நெரிசல் கொல்லும் என்பது தெரிந்திருந்தது, தெரிந்தே தளர்த்தினார்கள். அதன் பின்னரே இரண்டு தளக் கப்பல்களை ஆணையம் கைவிட்டது.

பயணம் எத்தனை நாள்?

1840-களில் நான்கு மாதம். பிறகு நன்னம்பிக்கை முனையில் நிற்காமல் தெற்கே வெகுதூரம் இறங்கி, மேலைக்காற்றில் ஓடும் வழி பரவியது. 1852-ல் ‘மார்கோ போலோ’ லிவர்பூலிலிருந்து மெல்பர்னை 76 நாளில் எட்டியது. நேரம் குறைந்தது, குளிரும் பனிப்பாறை அபாயமும் கூடின.

மொரிஷியஸுக்கும் நேட்டாலுக்கும் போன நம்மவர்களும் இதே வகைதானா?

இல்லை. ஆஸ்திரேலியா போன பிரிட்டிஷ்காரர் இறங்கியதும் விருப்பமான முதலாளியிடம் கூலி பேசலாம். 1834-லிருந்து மொரிஷியஸுக்கும் 1860-லிருந்து தென்னாப்பிரிக்காவின் நேட்டாலுக்கும் போனவர்கள் ஒப்பந்தக் கூலிகள். குறித்த ஆண்டுகள் ஒரு தோட்டத்தோடு கட்டுண்டவர்கள், வேலைக்கு வராவிட்டால் சிறை. அந்தப் போக்குவரத்தையும் லண்டனில் மேற்பார்த்தது இதே ஆணையம்தான்.

சிட்னியில் இருக்கிறேன். என் மனைவியின் முன்னோர் 1850-களில் வந்தவர்கள். எங்கே தேடுவது?

நியூ சவுத் வேல்ஸ் அரசு ஆவணக் காப்பகத்தில் ஒரே கப்பலுக்குப் பெரும்பாலும் இரண்டு பட்டியல்கள் இருக்கும்: கப்பலோடு வந்த முகவர் பட்டியல், சிட்னியில் குடியேற்ற வாரியம் எழுதிய பட்டியல். வாரியப் பட்டியலையே முதலில் பாருங்கள். சொந்த ஊர், பெற்றோர் பெயர், மதம், எழுதப் படிக்கத் தெரியுமா, காலனியில் உறவினர் உண்டா என்பதெல்லாம் அதில் உண்டு. வயதைப் பிறந்த ஊர்த் திருச்சபைப் பதிவோடு ஒப்பிடாமல் நம்பாதீர்கள். பெயரைக் காதால் கேட்டு எழுதியிருப்பார்கள். ஆகவே நாலைந்து எழுத்துக்கூட்டலில் தேடுங்கள். பயணத்தில் நடத்தப்பட்ட விதம் பற்றிய புகாருக்கும் அதில் ஒரு கட்டம் உண்டு, அதைத் தவறவிடாதீர்கள்.