பிறப்புச் சான்றிதழில் பெயர் இல்லை. பள்ளியில் சேர்க்க முடியுமா?

தருமபுரி மாவட்டம் மாரண்டஅள்ளிக்கு அருகிலுள்ள கிராமத்திலிருந்து வாசகி ஒருவர் எழுதியிருக்கிறார். அவருடைய கணவர் பெங்களூருவில் கட்டட வேலை செய்கிறார். அங்கே பிறந்த மகனுக்கு வருகிற மே மாதம் ஐந்து வயது நிறைவடைகிறது. மகளுக்கு ஏப்ரலில் மூன்று வயது நிறைவடைகிறது. மகனின் பிறப்புச் சான்றிதழில் பெயர் எழுதப்படவில்லை. அதைச் சரிசெய்துகொண்டு ஜூனில் வரும்படி பள்ளியில் சொல்லி அனுப்பிவிட்டார்கள். மகளைப் பால்வாடியில் விட்டால் தனியார் பள்ளியின் இலவச இடம் கிடைக்காமல் போய்விடும் என்று அக்கம்பக்கத்தார் கூறியதால், அவளை எங்கும் சேர்க்காமல், தோட்ட வேலைக்குப் போகும்போது உடன் அழைத்துச் செல்கிறார். இரு குழந்தைகளுக்கும் என்ன செய்வது என்பது அவருடைய கேள்வி.

மகனைப் பொறுத்தவரை நீங்கள் ஜூன் வரை காத்திருக்கத் தேவையில்லை. 2009ஆம் ஆண்டின் கட்டாயக் கல்வி உரிமைச் சட்டத்தின் 14ஆம் பிரிவு, வயதுச் சான்று இல்லை என்ற காரணத்துக்காக எந்தக் குழந்தைக்கும் பள்ளியில் இடம் மறுக்கக் கூடாது என்று தெளிவாகவே சொல்கிறது. பிறப்புச் சான்றிதழ் கைவசம் இல்லாதபோது மருத்துவமனைப் பதிவேடு, கிராம சுகாதாரச் செவிலியரின் பதிவேடு, அங்கன்வாடிப் பதிவேடு, இவை எதுவுமே இல்லையென்றால் பெற்றோர் எழுதித் தரும் உறுதிமொழி ஆகியவற்றைக் கொண்டு வயதைப் பதிவு செய்யலாம். உங்களிடம் உள்ள சான்றிதழில் பெயர்தான் இல்லையே தவிர, பிறந்த தேதியும் பெற்றோர் பெயரும் இருக்கும். கர்நாடகத்தில் கர்ப்ப காலத்தில் கொடுக்கும் தாய் அட்டையும் தடுப்பூசி அட்டையும் உங்களிடம் இருந்தால், இவன் உங்கள் மகன்தான் என்று காட்ட அவை போதுமானவை. ஆதார் இல்லை என்பதும் மறுப்பதற்குக் காரணமாகாது. பள்ளிச் சேர்க்கைக்கு ஆதாரைக் கட்டாயமாக்க முடியாது என்று உச்ச நீதிமன்றம் 2018இல் கூறியிருக்கிறது. அண்மை ஆண்டுகளில் அரசுப் பள்ளிகளில் சேர்க்கை மார்ச் மாதத்திலேயே தொடங்கிவிடுவதால், இப்போதே சென்று கேட்பதில் தவறொன்றுமில்லை. மீண்டும் மறுத்தால் மறுப்பை எழுத்தில் கேளுங்கள்; வட்டாரக் கல்வி அலுவலரிடம் நேரில் சொல்லுங்கள்; 14417 என்ற கல்வி உதவி எண்ணிலும் பேசலாம். பெரும்பாலும் எழுத்தில் கேட்கும் நிலையிலேயே காரியம் முடிந்துவிடுகிறது.

இதற்காகச் சான்றிதழை அப்படியே விட்டுவிடலாம் என்று பொருளில்லை. பிறப்பு எங்கே பதிவானதோ அங்கேதான் பெயரைச் சேர்க்க முடியும் என்பதால், இதைத் தருமபுரியில் எந்த இ-சேவை மையத்திலும் முடிக்க இயலாது. கணவர் பெங்களூருவில் இருப்பது இந்த ஒரு விஷயத்தில் வசதியே. பிறந்து ஓராண்டு கடந்துவிட்டதால் சிறு தாமதக் கட்டணம் கேட்பார்கள். பதினைந்து ஆண்டுகள் வரை பெயர் சேர்க்க வழியுண்டு. கன்னடத்திலும் ஆங்கிலத்திலும் இருக்கும் அந்தச் சான்றிதழ் தமிழ்நாட்டிலும் செல்லும்.

ஆனால் பெயரைச் சேர்க்கும் முன் ஒரு மாலை நேரம் இருவரும் உட்கார்ந்து, எழுத்துக்களை முடிவு செய்துகொள்ளுங்கள். இதை நான் அழுத்திச் சொல்வதற்குக் காரணம் உண்டு. முதல் வகுப்புச் சேர்க்கைப் பதிவேட்டில் எழுதப்படும் பெயரும் முன்னெழுத்தும் பிறந்த தேதியும்தான் எமிஸ் எண்ணோடு (பள்ளிக் கல்வித் துறை ஒவ்வொரு மாணவருக்கும் தரும் அடையாள எண்) சேர்ந்து ஆண்டுதோறும் நகர்ந்து, கடைசியில் பத்தாம் வகுப்பு மதிப்பெண் சான்றிதழில் போய் நிற்கின்றன. நம் பக்கத்தில் வீட்டில் தெலுங்கும் கன்னடமும் பேசுகிற குடும்பங்கள் பல. பெங்களூரு சான்றிதழில் ஒரு மாதிரியும் குடும்ப அட்டையில் வேறு மாதிரியும் ஆதாரில் மூன்றாவது மாதிரியும் பெயர் இருப்பதை நான் எத்தனையோ முறை பார்த்திருக்கிறேன். பதினைந்து வயதில் அதைத் திருத்த அலைவதைவிட, ஐந்து வயதில் ஒரே எழுத்தாகச் சரிசெய்வது எளிது. அதேபோல, சீக்கிரம் சேர்த்துவிட வேண்டும் என்ற ஆசையில் பிறந்த தேதியை முன்னே தள்ளி எழுதச் சொல்லும் வழக்கத்துக்கு எக்காரணம் கொண்டும் இடம் தராதீர்கள். அந்த ஒரு தேதி பிள்ளையை ஆயுள் முழுதும் தொடரும்.

இனி மகளைப் பற்றி. பால்வாடியில் சேர்த்தால் இலவச இடம் போய்விடும் என்பது முற்றிலும் தவறான தகவல். சட்டத்தில் அப்படி ஒரு தடையே இல்லை. அங்கன்வாடியில் இரண்டு வயது நிறைந்த குழந்தைகளைச் சேர்க்கலாம். ஆகவே அவள் கடந்த ஓராண்டாகவே அங்கே இருந்திருக்கலாம். கட்டணம் எதுவும் கிடையாது. மதிய உணவும் முட்டையும் உண்டு. மாதந்தோறும் எடை பார்த்துப் பதிவு செய்வார்கள். பாட்டும் கதையும் விளையாட்டுமாகக் குழந்தை வீட்டுக்கு வெளியே இருக்கப் பழகும். வெயில் ஏறும் இந்த மாதங்களில் வரப்போரத்து நிழலில் உட்கார்ந்திருப்பதைவிட அது அவளுக்கு எவ்வளவோ நல்லது. இன்றே சேர்த்துவிடுங்கள்.

அந்த இலவச இடத்தைத் தரும் கல்வி உரிமைச் சட்டத்தின் 25 சதவீத ஒதுக்கீடு சிறுபான்மையினர் அல்லாத, அரசு உதவி பெறாத தனியார் பள்ளிகளில், அந்தப் பள்ளி எந்த வகுப்பில் தொடங்குகிறதோ அந்த வகுப்புக்கு மட்டுமே உரியது. எல்.கே.ஜி.யில் சேர ஜூலை 31ஆம் தேதியன்று மூன்று வயது நிறைந்திருக்க வேண்டும். நான்கு நிறைந்திருக்கக் கூடாது. ஏப்ரலில் மூன்று முடியும் உங்கள் மகளுக்கு இந்த ஓராண்டு மட்டுமே வாய்ப்பு; அடுத்த ஆண்டு வயது கடந்துவிடும். விண்ணப்பம் வழக்கமாக ஏப்ரல், மே மாதங்களில் இணையத்தில் திறக்கப்படும். 2025-26இல் நிதிச் சிக்கலால் அக்டோபர் வரை தள்ளிப்போனது போல மாறவும் கூடும் என்பதால் அறிவிப்பைக் கவனித்துக்கொண்டே இருங்கள். பிற்படுத்தப்பட்டோர், மிகவும் பிற்படுத்தப்பட்டோர், ஆதிதிராவிடர், பழங்குடியினர் ஆகியோருக்குச் சாதிச் சான்றிதழ் போதும். மற்றவர்கள் ஆண்டு வருமானம் 2 லட்சம் ரூபாய்க்குக் குறைவு என்ற வருமானச் சான்றிதழ் தர வேண்டும். விண்ணப்பங்கள் இடங்களைவிட அதிகமானால் குலுக்கல் நடத்துவார்கள். யாரேனும் பணம் வாங்கிக்கொண்டு இடம் பெற்றுத் தருவதாகச் சொன்னால் நம்ப வேண்டாம்.

விண்ணப்பிக்கும் முன் வீட்டுக்கும் பள்ளிக்கும் உள்ள தூரத்தைப் பாருங்கள். பள்ளி வீட்டிலிருந்து ஒரு கிலோமீட்டருக்குள் இருக்க வேண்டும் என்பது பொதுவான நிபந்தனை. பாலக்கோட்டிலிருந்தோ மாரண்டஅள்ளியிலிருந்தோ வேன் வந்து ஏற்றிச்செல்லும் பள்ளி அந்த எல்லைக்குள் வராது. உங்கள் கிராமத்தில் அப்படியொரு தனியார் பள்ளியே இல்லையென்றால் இந்த ஒதுக்கீட்டை எதிர்பார்த்துக் காத்திருப்பதில் பயனில்லை. பள்ளி இருந்து இடமும் கிடைத்தால் எட்டாம் வகுப்பு வரை கல்விக் கட்டணம் இல்லை. ஆனால் வேனில் அனுப்பினால் அந்தக் கட்டணம் உங்களுடையது. வேறு எதற்கெல்லாம் பணம் கேட்பார்கள் என்பதைச் சேர்க்கும் முன்பே விசாரித்துக்கொள்ளுங்கள். கடன் வாங்கிக் கட்ட வேண்டிய நிலை வருமானால், அவளும் அங்கன்வாடியிலிருந்து அண்ணன் படிக்கும் ஊர்ப் பள்ளிக்கே செல்லட்டும் என்பேன். அங்கே 2023 ஆகஸ்ட் முதல் காலை உணவும் கிடைக்கிறது. பாடநூல், சீருடை, புத்தகப்பை எல்லாம் இலவசம். தமிழ்வழியில் முதல் வகுப்பிலிருந்தே படித்தவர்களுக்கு அரசுப் பணியில் 20 சதவீத முன்னுரிமை இருப்பதையும், பள்ளியில் வழியைத் தேர்ந்தெடுக்கச் சொல்லும்போது நினைவில் வையுங்கள்.

குடும்பத்தோடு நடுவில் பெங்களூரு போக நேர்ந்தால் சொல்லாமல் போய்விடாதீர்கள். மாற்றுச் சான்றிதழ் கேட்டு வாங்குங்கள். அது தாமதமானாலும் புதிய பள்ளி சேர்க்க மறுக்கக் கூடாது என்பதும் அதே சட்டத்தில் இருக்கிறது. திரும்பி வரும்போது கல்வியாண்டின் எந்த மாதமானாலும் சேர்த்துக்கொள்ள வேண்டும்.

பள்ளிக்கு மகனையும் உடன் அழைத்துச் செல்லுங்கள். பெயரில்லாத சான்றிதழ், தடுப்பூசி அட்டை, குடும்ப அட்டை, இரண்டு புகைப்படம் ஆகியவற்றை ஒரு பையில் வைத்துக்கொள்ளுங்கள். நீங்கள் முடிவு செய்த பெயரை ஒரு தாளில் தமிழிலும் ஆங்கிலத்திலும் எழுதி, அதையும் சேர்த்து வையுங்கள். பதிவேட்டில் எழுதியதைக் கையொப்பமிடும் முன் ஒருமுறை படித்துக்காட்டச் சொல்லுங்கள்.