சிவப்பு போதாது

அன்புள்ள ஐயா,

செவ்வாயில் களிமண் கிடைத்ததால் அங்கே தண்ணீர் இருந்தது என்று எழுதியிருந்தீர்கள். களிமண் உண்டாகத் தண்ணீர் இருந்தே ஆக வேண்டுமா? அந்தக் கிரகத்தின் சிவப்பே துருதானே, அந்தச் சாட்சி போதாதா?

ஒரு வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

துருவை நான் பெரிய சாட்சியாக எடுத்துக்கொள்ள மாட்டேன். 2013இல் கியூரியாசிட்டி ஊர்தி கேல் பள்ளத்தில் முதன்முதலாகப் பாறையைத் துளைத்தது. துளை சுமார் ஆறு சென்டிமீட்டர் ஆழம்தான். வெளியே வந்த தூள் சிவப்பாக இல்லை, சாம்பல் நிறமாக இருந்தது! சிவப்பெல்லாம் மேல்பூச்சு. அந்தத் தூளில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு களிமண் கனிமம்.

களிமண் எப்படி உண்டாகிறது என்று பார்த்தால் உங்கள் முதல் கேள்விக்குப் பதில் கிடைத்துவிடும். எரிமலைப் பாறையில் ஆலிவின், பைராக்சீன் போன்ற கனிமங்கள் இருக்கின்றன. தண்ணீர் அவற்றை அரித்து இரும்பையும் மக்னீசியத்தையும் சிலிக்காவையும் பிரித்தெடுக்கிறது. அப்புறம் அவை தாள் தாளாக மறுபடி கூடுகின்றன. அப்போது தண்ணீரின் ஆக்சிஜனும் ஹைட்ரஜனும் ஹைட்ராக்சிலாக அந்தப் படிகத்துக்குள்ளேயே மாட்டிக்கொள்கின்றன. ஆகவே தண்ணீர் கட்டாயம் வேண்டும். ஆனால் ஏரி வேண்டும் என்று கட்டாயமில்லை. எரிமலைக் குழம்பில் கலந்திருந்த நீரே போதும் என்று வாதிடுபவர்களும் உண்டு. கேல் பள்ளத்தில் ஏரி இருந்தது என்பதற்கு, களிமண்ணோடு அந்தப் பாறையே மெல்லிய வண்டல் படிந்து இறுகிய சேற்றுப்பாறையாக இருப்பதும் சேர்ந்துதான் சாட்சி.

எல்லாத் தண்ணீரும் ஒரே மாதிரி இல்லை. 2004இல் செவ்வாயின் மெரிடியானி சமவெளியில் இறங்கிய ஆப்பர்சூனிட்டி ஊர்தி, ஜாரோசைட் என்ற சல்பேட் கனிமத்தைக் கண்டுபிடித்தது. அது அமிலம் மிகுந்த நீரில்தான் உருவாகும். கேல் பள்ளத்துக் களிமண்ணோ நடுநிலையான, அவ்வளவாக உப்பில்லாத நீரைக் காட்டுகிறது. இரண்டுமே ஈரம்தான், குடிக்கச் சொன்னால் நான் இரண்டாவதைத்தான் கேட்பேன்.

சரி, உங்கள் கடிதத்தில் இல்லாத ஒரு விஷயம். செவ்வாயில் நிலி ஃபாஸே என்ற பகுதியில் ஆலிவின் ஏராளம். தண்ணீர் பட்டால் முதலில் அழியும் கனிமங்களில் அதுவும் ஒன்று. கோடிக்கணக்கான ஆண்டுகளாக அது அங்கே அப்படியே கிடக்கிறது. அதே வட்டாரத்தில்தான், ஆலிவின் நீரோடு சேர்ந்து மாறினால் வரக்கூடிய மக்னீசியம் கார்பனேட்டையும் 2008இல் செவ்வாயைச் சுற்றிவரும் ஒரு விண்கலம் கண்டது. அதாவது அங்கே தண்ணீர் வந்தது, வேலையைத் தொடங்கியது, முடிக்காமலே போய்விட்டது.