ஐடில் என்றால் சோம்பேறியா?

அன்புள்ள ஐயா,

வீட்டிலிருந்து வேலை பார்க்கிறேன். கொஞ்ச நேரம் விசைப்பலகையைத் தொடாவிட்டால் அலுவலக மென்பொருள் என் பெயருக்குப் பக்கத்தில் ‘ஐடில்’ என்று காட்டுகிறது. அறிக்கை படித்துக்கொண்டிருந்தாலும் அதே கதைதான். அகராதியைப் புரட்டினால் ‘சோம்பலான’ என்று போட்டிருக்கிறது. அதுதான் அதன் அசல் பொருளா? விக்கிரகத்தைக் குறிக்கும் ‘ஐடல்’ இதற்கு உறவா?

- ஒரு வாசகி

அன்புள்ள வாசகிக்கு,

உறவில்லை. ஐடல் கிரேக்கத்திலிருந்து வந்தது, உருவம் என்று பொருள். ஐடில் ஜெர்மானியக் குடும்பத்துச் சொல். ஒலி ஒத்துப்போனது தற்செயல்.

சோம்பலும் அசல் பொருள் இல்லை. பழைய ஆங்கிலத்தில் ‘ஈடெல்’ என்றால் வெறுமையான, பயனற்ற என்று அர்த்தம். ஜெர்மன் மொழியில் இதன் உடன்பிறப்பான ‘ஐட்டெல்’ வீண் பெருமை பிடித்தவரைக் குறிக்கிறது. ஆங்கிலத்தில் கை வெறுமையாக இருப்பவர், அதாவது வேலையில்லாதவர் என்று பொருள் நகர்ந்து, பிறகு வேலை செய்ய மனமில்லாதவர் என்றானது. வெறுமை ‘வெறுமனே உட்கார்ந்திருக்கிறான்’ என்று ஆளின் மேல் ஏறுவது நமக்கும் தெரிந்த வழிதான். பழைய பொருள் இன்னும் சாகவில்லை. ‘ஐடில் த்ரெட்’ என்றால் வெற்று மிரட்டல். மிரட்டுகிறவர் நல்ல சுறுசுறுப்பான ஆளாகவே இருக்கலாம்!

20ஆம் நூற்றாண்டில் மோட்டார்க்காரர்கள் இந்தச் சொல்லை எடுத்துக்கொண்டார்கள். சிக்னலில் வண்டியை நியூட்ரலில் போட்டு நிற்கிறீர்கள். எஞ்சின் நிமிடத்துக்கு 600 முதல் 1000 சுற்று வரை ஓடிக்கொண்டேதான் இருக்கிறது. சக்கரத்துக்குத்தான் விசை போவதில்லை. இதுதான் ஐடிலிங். கணினியிலும் விண்டோஸ் டாஸ்க் மேனேஜரில் ‘சிஸ்டம் ஐடில் ப்ராசஸ்’ 95 சதவீதம் என்று காட்டினால் சிலர் பதறிப்போகிறார்கள். ப்ராசஸருக்கு அவ்வளவு ஓய்வு இருக்கிறது என்பதற்கு மேல் அதில் ஒன்றுமில்லை. உங்கள் மென்பொருளும் இந்த வகைதான்: விசை எதுவும் தட்டப்படவில்லை என்பது மட்டுமே அதற்குத் தெரியும். அதை ஆளைப் பற்றிய தீர்ப்பாக யாராவது படித்தால் அது படிப்பவரின் கோளாறு.

சரி, நீங்கள் கேட்காத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். எனக்கு இதில் பிடித்ததே அதுதான். காலி என்பதற்கு இன்று ஆங்கிலத்தில் ‘எம்ப்டி’ என்கிறோமே, அது ஓய்வு என்று பொருள்படும் ‘ஆமெட்டா’ என்ற பழஞ்சொல்லிலிருந்து வந்தது. வேலையின்றி ஓய்வாக இருப்பவர் என்பதுதான் அதன் முதல் பொருள். ஆக, வெறுமையைச் சொன்ன சொல் ஓய்வின் பக்கமும், ஓய்வைச் சொன்ன சொல் வெறுமையின் பக்கமும் போய்விட்டன. சுமார் 1000ஆம் ஆண்டில் ஏல்ஃப்ரிக் என்ற துறவி ஆதியாகமத்தைப் பழைய ஆங்கிலத்தில் எழுதியபோது, படைப்பின் தொடக்கத்தில் பூமி இருந்த நிலைக்கு இந்த இரண்டு சொற்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார். தமிழ் பைபிளில் ‘ஒழுங்கின்மையும் வெறுமையுமாய்’ என்று வரும் இடம் அது. ஏல்ஃப்ரிக் காலத்தில் எம்ப்டிக்கு மணமாகாதவர் என்றொரு பொருளும் இருந்தது. அது மட்டும் எப்படியோ உதிர்ந்துவிட்டது.