தலை எலும்பைத் திரும்ப வைத்த பிறகு வலிப்பு: மாத்திரையை நிறுத்தலாமா?

கேள்வி: என் கணவருக்கு வயது 34. தக்காளி லோடு வண்டி ஓட்டுபவர். சென்ற ஆண்டு தொப்பூர் கணவாயில் நடந்த விபத்தில் தலையில் அடிபட்டு, மூளை வீக்கத்துக்காக மண்டை எலும்பில் ஒரு பகுதியை எடுத்தார்கள். ஐந்து மாதம் கழித்துத் திரும்ப வைத்தார்கள். மூன்றாம் நாள் இரவு நினைவு திரும்பாமலே வலிப்பு அடுத்தடுத்து வந்து, தீவிர சிகிச்சையில் பிழைத்தார். இப்போது வலிப்பைத் தடுக்கும் லெவெடிராசிட்டம் மாத்திரை சாப்பிடுகிறார். மூன்று மாதமாக வலிப்பு இல்லை. எலும்பை வைத்ததால்தான் இப்படி ஆனது என்கிறார் மாமியார். மாத்திரையை நிறுத்திவிட்டு வண்டி எடுக்கப் போவதாகக் கணவர் சொல்கிறார். என்ன செய்வது?
- வாசகி, பாலக்கோடு

பதில்: மாத்திரையை இப்போது நிறுத்தவே கூடாது. திடீரென நிறுத்தினால், அன்று வந்தது போலவே அடுத்தடுத்து வலிப்பு வரலாம். அது உயிருக்கே ஆபத்து.

உங்கள் மாமியாரின் வருத்தம் எனக்குப் புரிகிறது. ஆனால் வலிப்பின் வேர் பெரும்பாலும் அந்த எலும்பில் இல்லை. விபத்தில் காயம்பட்டு மூளையில் ஏற்பட்ட தழும்பில் இருக்கிறது. எலும்பு இல்லாத மாதங்களில் தலைத்தோல் மூளையின் உறையோடு ஒட்டிக்கொள்கிறது. அதைப் பிரித்து எலும்பைப் பொருத்தும்போது கீழே உள்ள மூளை சீண்டப்படுகிறது. உள்ளே அழுத்தமும் ரத்த ஓட்டமும் மாறுகின்றன. சிலருக்கு எலும்புக்கு அடியில் ரத்தம் கட்டுவதும், கிருமித் தொற்றும், ரத்தத்தில் சோடியம் குறைவதும் காரணமாகும். அதனால்தான் இப்படி வலிப்பு வந்தவுடன் ஸ்கேனும் ரத்தப் பரிசோதனையும் செய்வார்கள். இந்த அறுவைச் சிகிச்சைக்குப் பின் வலிப்பு வருவது மருத்துவர்கள் நன்கறிந்த ஒரு சிக்கல். அதற்காக எலும்பை வைக்காமலே விட்டிருந்தால், ஒருமுறை கீழே விழுந்தாலே மூளையில் நேராக அடிபடும். வைத்தது சரியான முடிவுதான்.

மாத்திரையை எப்போது குறைப்பது என்பதை நரம்பியல் மருத்துவர்தான் சொல்ல வேண்டும். பலருக்கு 2 ஆண்டுகள் வலிப்பே இல்லாமல் கடந்த பிறகுதான் அந்தப் பேச்சை எடுப்போம். அப்போதும் படிப்படியாகத்தான் குறைப்போம். இந்த மாத்திரை சிலருக்குக் கடுங்கோபத்தையும் மனச்சோர்வையும் தரும். அவர் எரிந்து விழுகிறார் என்றால் மருத்துவரிடம் சொல்லுங்கள். வேறு மருந்து உண்டு.

மீண்டும் வலிப்பு வந்தால் ஒருக்களித்துப் படுக்க வையுங்கள். சட்டைப் பொத்தானைத் தளர்த்துங்கள். கை கால்களை அழுத்திப் பிடிக்காதீர்கள். வாயில் தண்ணீரோ கரண்டியோ வேண்டாம். கையில் இரும்புச் சாவி கொடுப்பதால் வலிப்பு நிற்காது. அந்த நேரத்தில் கடிகாரத்தைப் பாருங்கள். 5 நிமிடம் தாண்டினாலோ, நினைவு திரும்புவதற்குள் அடுத்தது வந்தாலோ 108-ஐ அழையுங்கள். வலிப்பை நிறுத்தும் முதல் ஊசியைத் தாமதமின்றிப் போடுவதுதான் முக்கியம். ஆகவே பெரிய மருத்துவமனை தேடி சேலத்துக்கோ பெங்களூருக்கோ கிளம்பாமல், தருமபுரி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை போல அருகில் இருப்பதற்கே போங்கள். வலிப்பை நிறுத்த மூக்கில் அடிக்கும் மிடசோலாம் ஸ்பிரேயை வீட்டில் வைத்துக்கொள்ளலாமா என்று உங்கள் மருத்துவரிடம் கேளுங்கள். அவர் எழுதிக் கொடுத்தால் ஆம்புலன்ஸ் வரும் வரை அது கைகொடுக்கும்.

காய்ச்சல், தையல் இடத்தில் வீக்கம் அல்லது நீர்க்கசிவு, நாளுக்கு நாள் கூடும் தலைவலி, ஒரு பக்கக் கை கால் தளர்ச்சி, இவற்றில் ஒன்று தெரிந்தாலும் அன்றே காட்டுங்கள்.

வண்டி விஷயத்தில் நான் கண்டிப்பாகவே சொல்கிறேன்: இப்போது ஓட்டக் கூடாது. ஓட்டுநர் உரிமத்துக்கான உடல்தகுதிப் படிவத்திலேயே வலிப்பு உண்டா என்ற கேள்வி இருக்கிறது. இரவெல்லாம் விழித்து லோடு ஓட்டுவதும், களைப்புக்குக் குடிப்பதும், ஒரு வேளை மாத்திரை தவறுவதும் வலிப்பைத் தாமாகவே இழுத்து வருபவை. கிணற்றிலும் ஒகேனக்கல் ஆற்றிலும் தனியாகக் குளிக்கக் கூடாது. வருமானம் நின்ற வீட்டில் இதைக் கேட்பது எவ்வளவு கடினம் என்று தெரிந்தே சொல்கிறேன். மண்டியில் கணக்கு எழுதுவது, சரக்கு பிரிப்பது போன்ற பகல் வேலை கிடைக்குமா என்று வண்டி உரிமையாளரிடம் பேசிப் பாருங்கள். அடுத்த பரிசோதனைக்கு உங்கள் கணவரை அழைத்துச் சென்று, எப்போது ஓட்டலாம் என்ற கேள்வியை மருத்துவரிடம் அவரே கேட்கட்டும்.